ஏறாத விமானத்தில் இறங்கியவர்

மாசி மாதம், வியாழக்கிழமை. இடம்: அல் ஐன். நேரங்கள் அமீரகக் கணக்கில். இந்தியக் கணக்குக்கு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காலை 7.40: பல்கலைக்கழகத்தில் என் துறைக்கு வந்தேன்.

9.05: திருச்சியிலிருந்து மைத்துனர் சேகர் அழைத்தார். விமானத்தில் ஏறிவிட்டேன், கதவை மூடப்போகிறார்கள் என்று சொன்னேன். அப்போது என் மேசைமுன் அமர்ந்திருந்தேன்.

9.08: கைப்பேசியை அணைத்தேன்.

பகல் 12.50: உணவு மேசையில் இரண்டு காதுகளும் அடைத்தன. 1.20க்குத் திறந்தன.

2.30: மதிப்பாய்வுக் குழுவின் கூட்டம் தொடங்கியது. வலது கையைத் தூக்க இயலவில்லை.

4.00: கூட்டம் முடிந்தது. கை சரியாயிற்று. சுவர்க் கடிகாரம் நான்கு காட்டியபோது என் கைக்கடிகாரம் ஐந்தரை காட்டியது.

4.20: திருச்சியில், மருத்துவமனையில், என் மனைவி கோமதி இறந்தாள்.

4.45: கைப்பேசியை மீண்டும் இயக்கினேன்.

இதுவரை எழுதியவற்றில் எதையும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இனி எழுதப்போவதில் எனக்கே அந்த உறுதி இல்லை. நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கும் தகுதியும் எனக்கில்லை. ஒரு பொய்யிலிருந்து தொடங்கும் கதையை எவர்தான் நம்புவார்?

நான் புவி அளவையியல் கற்பிப்பவன். பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பிழையின்றிக் கணக்கிடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நாற்பது ஆண்டுகள் அதையே செய்திருக்கிறேன், அதில் இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பாலைவன நகரத்தில். ஆவி, அசரீரி, கனவில் வந்த குறிப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். என் மாமியார் இறந்த பதினாறாம் நாள் ஒரு காகம் வரவில்லை என்று உறவினர்கள் கவலைப்பட்டபோது, அந்தத் தெருவில் மரங்களை வெட்டிவிட்டார்கள், காகம் எங்கிருந்து வரும் என்று கேட்டு அவர்கள் மனத்தைப் புண்படுத்தியவன். அப்படிப்பட்டவன் எழுதுவது இது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரே கணக்கைத்தான் கொடுப்பேன். துபாய் விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் குறுகிய தூரம் என்ன? தட்டையான வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு விடை சொல்லும் மாணவனுக்குப் பூமி உருண்டை என்பதை நினைவூட்டுவேன். விடை ஏறத்தாழ இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். ஓமான் மலைகளைக் கடந்து, அரபிக் கடலின் குறுக்கே வளைந்து சென்று, மேற்குக் கடற்கரையில் கரை ஏறும் அந்தக் கோடு. விமானத்தில் நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. ஊருக்குப் போகும்போது கடிகாரத்தின்படி ஐந்தரை மணி நேரம் ஆகும், திரும்பும்போது இரண்டரைதான். ஏன் என்பதைத் தீர்க்கரேகைகளோடு கோமதிக்கு விளக்கியிருக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வரும்போதெல்லாம் ஒன்றரை மணி நேரத்த வழியில எங்கயோ தொலைச்சுட்டு வர்றீங்க. போகும்போது மட்டும் அத மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிடுறீங்க" என்றாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுமுறைக்குப் போனால் நான் கைக்கடிகாரத்தை மாற்றுவதில்லை. பதினைந்து நாளுக்கு எதற்கு என்பது என் வாதம். மனத்துக்குள்ளேயே ஒன்றரையைக் கூட்டிக்கொள்வேன். வளைகுடாவில் வேலை செய்யும் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கோமதிக்கு அது பிடிக்காது. ஆள் மட்டும்தான் வந்திருக்கிறது, கடிகாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நான் மாற்றியதில்லை.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என்னோடு அல் ஐனில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, தன் தாயைப் பார்த்துக்கொள்ள அவள் திருச்சிக்குத் திரும்பினாள். தாய் போன பிறகு நான் திரும்பிவிடுவதாகப் பேச்சு. அறுபத்திரண்டில் ஓய்வு பெற்றுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அறுபத்திரண்டில் ஓராண்டு நீட்டிப்புக் கேட்டு வாங்கினேன். அறுபத்து மூன்றில் இன்னோர் ஆண்டு. மூன்றாவது முறையும் விண்ணப்பித்திருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த மேசையும் கரும்பலகையும் இல்லாமல் நான் யார் என்பது எனக்கு விளங்கவில்லை, காரணம் அவ்வளவுதான்.

அவளுக்கு நுரையீரல் இறுகும் நோய். தை மாதக் கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவளுடைய தம்பி சேகர் தன் கடையை மூடிவிட்டுக் கூடவே இருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் அழைத்து, அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னார். வியாழக்கிழமை காலை 9.20 விமானத்தில் இடம் பிடித்துவிட்டதாகத் தெரிவித்தேன். அது உண்மை.

புதன்கிழமை பிற்பகல் துறைத்தலைவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. அடுத்த வாரம் வருவதாக இருந்த மதிப்பாய்வுக் குழு நாளையே வருகிறது, பிற்பகல் இரண்டரைக்கு என் பாடத்திட்டத்தைப் பற்றி நான் பேச வேண்டும். நீட்டிப்பு அந்தக் குழுவின் கையில் இருந்தது. மனைவியின் நிலையைச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வேறொருவர் பேசியிருப்பார், எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த வேறொருவர் நன்றாகப் பேசிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். விமான இருக்கையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். அதே விமானம், அதே நேரம், ஒரு நாள் தள்ளி. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தூரங்களைக் கணக்கிடத் தெரிந்தவன் நாட்களைக் கணக்கிடத் தெரியாமல் போனேன்.

வியாழக்கிழமை காலை சேகர் அழைத்தபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

"அத்தான், ஏறிட்டீங்களா? அக்கா ராத்திரியெல்லாம் மணி கேட்டுக்கிட்டே இருக்கா. எத்தன மணிக்கு ஏறுவாரு, எத்தன மணிக்கு எறங்குவாருன்னு. போன அவ காதுல வைக்கிறேன், ஒரு வார்த்த சொல்லுங்க."

அவளுடைய மூச்சு கேட்டது. மிகவும் சிறிய ஒலி. அந்த மூச்சிடம்தான் நான் சொன்னேன்: "ஏறிவிட்டேன் கோமதி. கதவை மூடப்போகிறார்கள். நான்கு மணி நேரம்தான்." விமான நிலையத்துக்கு யாரும் வரவேண்டாம், நேரே மருத்துவமனைக்கு வருகிறேன் என்றும் சேகரிடம் சேர்த்துக்கொண்டேன். பிற்பாடு, இயந்திரக் கோளாறால் விமானம் புறப்படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். கைப்பேசியை அணைத்தேன். விமானத்தில் இருப்பவனின் கைப்பேசி அணைந்துதானே இருக்கவேண்டும். பொய்யைக்கூட முறைப்படி செய்தேன்.

தலையை நிமிர்த்தியபோது முருகேசன் தேநீரோடு வாசலில் நின்றிருந்தார். புதுக்கோட்டைக்காரர், எங்கள் துறையின் அலுவலக உதவியாளர், ஐம்பது வயதைக் கடந்தவர், பதினெட்டு ஆண்டுப் பழக்கம். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க லேபர் கேம்ப்ல எல்லாப் பயலும் சொல்றதுதான் சார். லீவு பாஸாகியிருக்காது, ரூம்ல பாயில படுத்துக்கிட்டே ஏறிட்டேன்டிம்பான். நாங்க எல்லாம் அப்பிடித்தான். நீங்களும் சொல்வீங்கன்னு நான் நெனைக்கல."

அவர் போன பிறகு அந்தத் தேநீரைக் குடித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

குழுவினருடன் பகல் உணவு. பெயர் தெரியாத மீன், சோறு. சரியாக 12.50க்கு என் காதுகள் அடைத்தன. ஜலதோஷத்தில் அடைப்பது போல அல்ல. விமானம் இறங்கத் தொடங்கும்போது காதுக்குள் ஒரு கை அழுத்துவது போல இருக்குமே, அதேதான். இருபத்தாறு ஆண்டுகளாக எனக்குப் பழகிய அழுத்தம். எச்சில் விழுங்கினேன், தாடையை அசைத்தேன், போகவில்லை. எதிரே இருந்தவர் என்னவோ கேட்டார், வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. 1.20க்கு வலது காதும் பின்பு இடது காதும் திறந்தன. 9.20க்குப் புறப்பட்ட விமானம் திருச்சியில் சக்கரம் பதிக்கும் நேரம் அது என்பதை நான் அப்போதே கணக்கிட்டேன். கணக்கிடாமல் இருக்க எனக்குத் தெரியாது. குற்ற உணர்வு உடம்பில் வேலை செய்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கம் போதுமானதாகத்தான் இருந்தது.

இரண்டரைக்குக் கூட்டம் தொடங்கியது. உருண்டையின் மேல் குறுகிய பாதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டித் தொடங்குவது என் வழக்கம். எழுந்திருக்க முயன்றேன். வலது கை மேசையிலிருந்து வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. பாதி மூடிய நிலையில் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. நோயாளியின் கையைப் பற்றியிருக்கும்போது, அந்தக் கையின் சூடு நம் கைக்கு வருமே, அப்படி. உட்கார்ந்தபடியே பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பிறகு எழுதி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை.

நான்கு மணிக்கு எல்லோரும் எழுந்தபோது கை தானாக விடுபட்டது. குழுத்தலைவர் கைகுலுக்க வந்தார். கையை நீட்டும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. வலது மணிக்கட்டில் நான் கட்டும் பழைய முள் கடிகாரம். பக்கவாட்டில் உள்ள திருகை வெளியே இழுத்துத்தான் மாற்ற முடியும். நான் இழுக்கவில்லை. மறு கையால் அந்தக் கையைத் தொடவே இல்லை.

4.45க்குக் கைப்பேசியை இயக்கினேன். சேகரின் செய்திகள் வரிசையாக வந்தன. எங்கே இருக்கிறீர்கள், ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பார் என எதிர்பார்த்தேன்.

முதல் செய்தி இந்திய நேரம் 5.35: "அத்தான் டீ குடிக்க கீழ போனீங்களா? வரும்போது எனக்கும் ஒண்ணு. சீனி கம்மி."

இரண்டாவது 5.52: "அத்தான் சீக்கிரம் மேல வாங்க."

மூன்றாவது 5.55. அதில் "அத்தான்" என்று மட்டும் இருந்தது.

நான் அழைத்தேன். சேகர் அழுதுகொண்டே பேசினார். அக்கா உங்களுக்காகத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள், நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் முகம் தெளிந்தது, நீங்கள் இறங்கிப் போன இருபது நிமிடத்தில் போய்விட்டாள் என்றார். இந்திய நேரம் நான்கு மணிக்குப் பிறகு, தான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்ததாகவும், நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், தொந்தரவு செய்யவேண்டாம் என்று மருந்து வாங்கப் போய்விட்டதாகவும் சொன்னார். "இப்ப எங்க நிக்கிறீங்க அத்தான்? நான் வர்றேன், அங்கயே இருங்க."

நான் அங்கே வரவே இல்லை என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான ஒரு தருணம் யாருக்கும் வாய்க்காது. நான், "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதே 9.20 விமானம். திருச்சியில் பெட்டியை எடுத்ததும், கைப்பிடியில் கட்டியிருந்த விமான நிறுவனத்தின் சீட்டை, அதில் தேதி இருந்ததால், கிழித்து எடுத்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்தேன். நிலையத்தைவிட்டு வெளியே வருமுன்பே செய்தேன். மனைவி பிணவறையில் இருக்கும்போது எனக்கு அந்த முன்யோசனை இருந்தது.

மருத்துவமனை வாயிலில் மணி நான்கு. காவலர் எழுந்து நின்றார். நேற்றும் இதே நேரத்துக்குத்தான் வந்தீர்கள் ஐயா, இப்படி ஆகிவிட்டதே என்று வருந்தி, பார்வையாளர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்திடக் குனிந்தபோது முந்தைய நாளின் வரிகள் கண்ணில் பட்டன.

என் பெயர். உறவு என்ற இடத்தில் 'கணவர்'. கடைசி எழுத்துக்குக் கீழே நான் எப்போதும் இழுக்கும் கோட்டோடு என் கையெழுத்து. உள்ளே வந்த நேரம்: 2.30. அதற்கு மேலே எழுதியவர் 3.55க்கு வந்திருக்கிறார், கீழே எழுதியவர் 4.05க்கு. நடுவில் நான் மட்டும் இரண்டரைக்கு. அந்த மருத்துவமனையில் இரண்டரைக்குப் பார்வையாளர் எவரையும் விடமாட்டார்கள். திருச்சியில் மணி நான்காக இருக்கும்போது இரண்டரை என்று எழுதக்கூடியவன், கடிகாரத்தை மாற்றாமல் அமீரகத்திலிருந்து வந்தவன் ஒருவன்தான்.

வெளியே சென்ற நேரம்: 5.30.

அது இந்திய நேரம். வந்தவர், இடையில், கடிகாரத்தை மாற்றியிருக்கிறார்.

சேகர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். முந்தைய மாலையிலிருந்து எங்கே போனேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கம் தாளாமல் ஊர் முழுக்க நடந்திருப்பேன், எங்கேயோ உட்கார்ந்திருப்பேன் என்று அவரே முடிவு செய்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் தாழ்ந்த குரலில், "அத்தான ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவைத்திருந்தார். பெட்டியைப் பார்த்தார். விமான நிலையத்தில் பொருள் வைக்கும் அறையில் விட்டுவந்ததை இன்று எடுத்தேன் என்றேன். தலையாட்டினார். பொய்கள் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளப்படுவதை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

கோமதியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் ஜெயமேரி, கன்னியாகுமரிப் பக்கம். தாளில் கையெழுத்து வாங்க வந்தவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியளா சார்? நேத்தும் ஒரு வாய் தண்ணி கூட வேண்டாம்னுட்டு இருந்தியோ" என்பது. அவர் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, தெரிந்தவரிடம் பேசுவது போலப் பேசினார்.

பதிவேட்டில் இரண்டரை என்று இருக்கிறதே என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அது எங்களுக்கு உள்ளதுதானே சார். நானும் மங்காஃப்ல ஆறு வருசம் கெடந்தவதான். லீவுக்கு வந்தா குவைத் டைம்தான் கையில ஓடும். அம்மாதான் ஒங்கள ஏசினாங்கல்லா, இப்பமாவது வாட்ச்ச மாத்துங்கன்னு. மாஸ்க்குக்கு உள்ள இருந்து சொன்னது எனக்கே கேட்டது. நீங்க மாத்தினதும் இப்பம் சரி, இப்பம் சரின்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க."

என் கடிகாரத்தைக் கையுறையணிந்த விரலால் சுட்டிக்காட்டினார். அது சரியான இந்திய நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் சிந்திக்கப் பழகியவன், சிந்தித்தேன். அக்கா நிம்மதியாகப் போகட்டும் என்று சேகரே யாரையோ கொண்டுவந்து உட்கார வைத்திருக்கலாம். விமானம் போய்ச் சேர்ந்தும் நான் வராததைக் கண்டு அன்பினால் அப்படிச் செய்திருக்கலாம். பதிவேட்டில் அவரே எழுதியிருக்கலாம். செவிலியரும் உடன்பட்டிருக்கலாம். இந்த விளக்கம் என் காதுகளையும் கையையும் கடிகாரத்தையும் தொடவில்லை என்றாலும் பெரும்பகுதிக்குப் பொருந்துகிறது. இதைச் சோதிப்பதும் எளிது, சேகரிடம் கேட்டால் போதும். ஆனால் கேட்க வேண்டுமானால் அந்த வியாழக்கிழமை நான் அல் ஐனில் இருந்தேன் என்பதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். ஏன் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதினாறு நாளும் உறவினர்கள் என்னைப் பாராட்டினார்கள். கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை, கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாரே என்று பெண்கள் தங்கள் கணவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்கள். நான் செய்யாத ஒன்றுக்காக, என்னைவிட நல்லவர் ஒருவர் என் பெயரில் செய்த ஒன்றுக்காக, தலைகுனிந்து நின்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினேழாம் நாள், மருத்துவமனையில் விட்டுப்போன அவளுடைய பொருள்களை வாங்கிக்கொள்ள நான் மட்டும் போனேன். மூக்குக் கண்ணாடி, சால்வை, ஒரு சிறிய சொம்பு, ஒரு நாட்காட்டித் தாள். ஜெயமேரி அவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு நின்றார்.

"ஒரு காரியம் சார். அண்ணைக்கு அம்மா ஒங்க கையில இருந்து அவங்க கைய உருவிக்கிட்டு, 'மீட்டிங் முடிஞ்சிருக்கும், நீங்க கெளம்புங்க'ன்னாங்க. நல்ல தெளிவாட்டு சொன்னாங்க. நீங்களும் ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனியோ. பொறவு அப்பிடி ஆயிப்போச்சு. எனக்கு மனசுக்குள்ள கெடக்கு. என்ன மீட்டிங் சார் அது?"

நான் கூட்டத்தைப் பற்றிக் கோமதியிடம் சொல்லவில்லை. சேகரிடம் சொல்லவில்லை. திருச்சியில் எந்த மனிதருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்தது நான்கு மணிக்கு, அதாவது இந்திய நேரம் ஐந்தரைக்கு.

செவிலியரிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

கோமதி எனக்காக ஒரு வழக்கம் வைத்திருந்தாள், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும், அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதுவாள். 'ஏறினார்' என்று எழுதி நேரம், 'இறங்கினார்' என்று எழுதி நேரம். இரண்டாவதை எழுதியபிறகுதான் சமையலறைக்குப் போவாள். பையில் இருந்தது அந்த வியாழக்கிழமையின் தாள். நடுங்கிய கையெழுத்து, ஆனால் அவளுடையது. 'ஏறினார்' என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. காலையில் அவள் காதிலேயே நான் சொல்லியும் அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வரியில் இருந்தது: 'இறங்கினார் 4.00.'

மறுநாள் நீட்டிப்பு ஆணை மின்னஞ்சலில் வந்தது. ஏற்றுக்கொண்டேன். இதை அல் ஐனில், அதே மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

திரும்பி வந்த வாரத்தில் முருகேசனிடம் மட்டும், அன்று கூட்டத்தில் நான் இருந்தேனா என்று கேட்டேன். கேள்வி அவருக்கு வியப்பாக இருக்கவில்லை. இருந்தீர்கள், அதில் சந்தேகமில்லை, நான்தான் தேநீர் கொண்டுவந்தேன் என்றார். பிறகு கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "வலது கைப் பக்கம் வைக்க எடமில்ல சார், அதான் எடது பக்கம் வச்சேன்" என்றார். அந்த மேசை பன்னிரண்டு பேர் அமரும் மேசை. என் வலப்பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு தாள்கூட இல்லை. ஏன் இடமில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று அவர் கேட்டார். அம்மா இறந்துவிட்டது அவருக்குத் தெரியும்.

என் கைக்கடிகாரம் இப்போதும் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. வகுப்புக்குப் போக மனத்துக்குள் ஒன்றரையைக் கழித்துக்கொள்கிறேன். இரண்டு முறை திருகை இழுத்து முள்ளை இந்த ஊர் நேரத்துக்குத் திருப்ப முயன்றேன். இரண்டு முறையும் வலது உள்ளங்கை வெதுவெதுப்பாயிற்று. விட்டுவிட்டேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

சேகரிடம் சொல்வது.

எழுதி வைத்திருக்கும் பணிவிலகல் கடிதத்தில் கையெழுத்திடுவது.

ஜெயமேரிக்கு, அது என்ன கூட்டம் என்று பதில் எழுதுவது.

கடவுச்சீட்டுக்குள் இருக்கும் வெள்ளிக்கிழமைச் சீட்டை, மறைத்தவனே எடுத்துக் காட்டுவது.

கோமதியின் தாளில், 'ஏறினார்' என்பதற்கு எதிரே, 'ஏறவில்லை' என்று என் கையால் எழுதுவது.